எந்த அளவுக்குத் தெரியும்? தென்னார்க்காட்டில் மொழியை அளந்த கதை

ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்னும் ஆறு படிகள் இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் புழங்கும் பெயர்களாகிவிட்டன. ஜெர்மனியில் வேலை தேடும் செவிலியர் பி1, பி2 என்று முடித்தாக வேண்டும். அங்கே வேலை பார்க்கும் கணவனிடம் சேரப் போகும் மனைவிக்கும் பெரும்பாலும் ஏ1 சான்றிதழ் இருந்தால்தான் விசா. ஜப்பானுக்குப் போகிறவர் என்5-இல் தொடங்கி என்1 வரை ஏறுகிறார். மொழி தெரியுமா என்று கேட்ட காலம் போய், எத்தனையாவது படி என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது. இப்படிப் படி வைத்து மொழியை அளப்பது ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தோடு பிறந்த ஏற்பாடு என்றே பலர் நினைக்கிறார்கள். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விழுப்புரமும் திண்டிவனமும் கிடக்கும் இந்த நிலப்பரப்பில் அயல்மொழித் திறனை ஏதோ ஒரு கோலால் அளக்க வேண்டிய தேவை 300 ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. சில கோல்கள் உண்மை பேசின, சில பொய் பேசின. பிழை நேர்ந்தால் நட்டப்படுகிறவர் எவரோ அவர் கை பட்ட கோல் மட்டுமே உண்மை பேசியது என்பது என் முடிவு. அதற்கான சான்றுகளை வரிசையாக வைக்கிறேன்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சிக் கோட்டை. தெலுங்கு பேசிய நாயக்கர்களிடமிருந்து அது 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் கைக்குப் போயிற்று. 1677-இல் சிவாஜி பிடித்தார், 1698-இல் முகலாயப் படை பிடித்தது, 1750-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர், 1761-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். ஏறத்தாழ 110 ஆண்டுகளுக்குள் தெலுங்கு, பாரசீகம், மராத்தி, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று ஆட்சியின் மொழி ஐந்து முறை மாறிய கோட்டையைச் சுற்றித்தான் தமிழ்க் குடியானவர் உழுது வரி கட்டினார்கள். கிழக்கே கடலோரத்தில் 1674 முதல் பிரெஞ்சுப் பாண்டிச்சேரி. அதன் கிராமங்களும் ஆங்கிலேய ஆட்சியின் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்ததால், வயல் வரப்பைத் தாண்டினால் வேறு அரசு, வேறு வழக்குமன்றம் என்ற நிலை இருந்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, இந்தச் செம்மண் காட்டின் மல்லாட்டை (நிலக்கடலை) பிரான்சின் மார்சேய் துறைமுகம் வரை போயிற்று. அயல்மொழி இங்கே படித்தவர் வீட்டு அலங்காரமாக இருந்ததில்லை. வரியும் வழக்கும் விலையும் அதை ஒட்டியே நடந்தன.

அதற்கும் முந்தைய ஒரு சான்று விழுப்புரம் மாவட்டத்து எசாலத்தில் 1987-இல் கிடைத்தது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு அது. அக்காலச் சோழர் செப்பேடுகளைப் போலவே அதில் வடமொழிப் பகுதியும் உண்டு, தமிழ்ப் பகுதியும் உண்டு. இத்தகைய ஏடுகளில் அரச மரபின் புகழைப் பாடுவது வடமொழி. எந்த ஊர், எந்த நிலம், எல்லை எது என்று வரையறுப்பது தமிழ். புகழுரையில் ஒரு சொல் புரியாமல் போனால் யாருக்கும் கேடில்லை. எல்லையில் ஒரு சொல் புரியாமல் போனால் ஒருவன் நிலம் போய்விடும். ஆகவே, பிழை தாங்காத பகுதி அந்த நிலத்தோடு வாழ்கிறவர்களின் மொழியில் எழுதப்பட்டது. எந்தக் காரியத்துக்கு எந்த மொழி என்ற பங்கீடு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக இருந்திருக்கிறது.

ஐரோப்பிய வணிகக் கும்பினிகள் வந்தபோது இந்தத் தெளிவு குலைந்தது. 1700-களின் தொடக்கத்தில் பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரரும் தமிழ் வணிகரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் போர்த்துகீசியத்தில். அது இரு தரப்புக்கும் இரவல் மொழி; விலை பேச, சரக்கு எண்ண, கடன் தவணை குறிக்க அது போதும். ஆனால், உயிர் போகிற வழக்குக்குப் போதுமா? 1708-இல் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக, அதாவது தலைமைத் தரகராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பொறுப்பேற்ற நைனியப்ப பிள்ளைக்கு அந்தக் கேள்வி தலைமேல் வந்து விழுந்தது. 1716-இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறையில் அடைத்து விசாரணை நடத்தினார். நைனியப்பருக்குப் போர்த்துகீசியம் நன்றாகத் தெரியும், பிரெஞ்சு தெரியாது. விசாரணையோ பிரெஞ்சில் நடந்தது. இடையில் நின்று மொழிபெயர்த்தவர், நைனியப்பரை வெறுத்த ஏசு சபைப் பாதிரிமாரிடம் ஊழியம் செய்த உபதேசியாரின் மகன். சாட்சிகள் தமிழில் சொன்னது பிரெஞ்சில் எழுதப்பட்டது. எழுதியது என்னவென்று விளங்காமலே அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள் என்பது பின்னர் எழுந்த முறையீடுகளின் சாரம். கடைவீதியில் கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு வந்தது. 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். சில ஆண்டுகள் கழித்து அவர் குற்றமற்றவர் என்று பிரெஞ்சு அதிகாரமே ஒப்புக்கொண்டது.

இந்த வழக்கில் மொழி தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆளுநருக்கும் நைனியப்பருக்கும் பொதுவான ஒரு மொழி இருந்தது, மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். இல்லாமல் போனது, இந்தக் காரியத்துக்கு இந்த மனிதரின் மொழி போதுமா என்று சோதிக்கும் வழி. மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்தால், அல்லது வேண்டுமென்றே புரட்டப்பட்டால், அடி விழுந்தது குற்றம் சாட்டப்பட்டவர் முதுகில். மொழிபெயர்த்தவருக்கும் எழுதிக்கொண்டவருக்கும் எதுவும் ஆகவில்லை. கும்பினிக்கு நட்டமில்லாத இடத்தில் அளவுகோல் எதற்கு?

நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, அக்காலத் துபாஷியின் மொழி வாழ்க்கையைக் கிட்டத்தில் காட்டுகிறது. முசே (ஐயா), கோன்சேல் (ஆலோசனைச் சபை), சொல்தாது (படைவீரன்) என்று பிரெஞ்சுச் சொற்களும் பாரசீக, போர்த்துகீசியச் சொற்களும் தமிழோடு கலந்து, பேசுகிற நடையிலேயே அவர் எழுதிக்கொண்டு போகிறார். நவாபுகளின் கடிதம், நெசவுச் சரக்கின் விலை, ஆளுநர் துய்ப்ளேக்சின் கோபம் என்று ஒவ்வொன்றையும் உரியவருக்கு உரிய மொழியில் சேர்ப்பது அவர் தொழில். ஆனாலும், 1746-இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்தபின் அந்தப் பதவி உடனே அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கிறிஸ்தவர் அல்லர் என்று பாதிரிமார்களும் துய்ப்ளேக்சின் மனைவியும் எதிர்த்தார்கள். அவருடைய மொழித்திறனை யாரும் கேள்வி கேட்கவில்லை. அதை அளந்து பார்க்கவும் யாருமில்லை. நம்பிக்கை, மதம், குடும்பச் செல்வாக்கு ஆகிய மூன்றும் சோதனையின் இடத்தை எடுத்துக்கொண்டன. துபாஷி முறையை இன்று வியந்து எழுதுகிறவர்கள், அது அளவுகோலே இல்லாத முறை என்பதை மறக்கக் கூடாது. ஆனந்தரங்கரைப் போன்ற மேதை வாய்த்தது கும்பினியின் அதிர்ஷ்டம். நைனியப்பருக்கு நேர்ந்தது அதே முறையின் மறுபக்கம்.

ஆங்கிலேயக் கும்பினி வேறு வழியில் போனது. காரணம் நல்லெண்ணம் என்று சொல்லிவிட முடியாது. 1801-இல் கர்நாடக நவாபின் நாடு அதன் கைக்கு வந்தபோது தென்னார்க்காடு ஒரு கலெக்டரின் கீழ் மாவட்டமாயிற்று. வரி நேராகக் கும்பினிக் கஜானாவுக்கு வர வேண்டும். கணக்கு எழுதுகிறவர் கர்ணம், அதைத் தொகுப்பவர் தாசில்தார், கலெக்டருக்கு எடுத்துச் சொல்பவர் சிரஸ்தார். இவர்கள் சொன்னதைத்தான் கலெக்டர் நம்ப வேண்டும் என்றால், இடையில் காணாமல் போகும் பணம் கும்பினியின் பணம். இம்முறை பிழையின் விலை ஆள்பவன் தலையிலேயே விழுந்தது. உடனே அளவுகோல் பிறந்தது. 1812-இல் கும்பினி அதிகாரியான எல்லிஸ் முன்னின்று சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இளம் சிவிலியன்கள் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளை முன்ஷிகள் என்னும் மொழி ஆசிரியர்களிடம் கற்றுத் தேர்வு எழுதினார்கள். தேர்ச்சியின் படிக்கேற்ப மாதப் படிப்பணம் உயர்ந்தது. மிகச் சிறந்த தேர்ச்சிக்குத் தனிப் பரிசு கிடைத்தது. மொழியின் ஒவ்வொரு படிக்கும் சம்பளத்தில் ஒரு விலை வைத்தது இந்த ஏற்பாடு.

படிப்படியாகக் கற்பிக்கும் நூல்கள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. வீரமாமுனிவர் புழங்கு தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என்று இலத்தீனில் இரண்டு இலக்கணம் எழுதினார். முதலாவது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பரமார்த்த குரு கதையே அயலார் தமிழ் பழகுவதற்காக அவர் எழுதியது. கோட்டைக் கல்லூரியின் தாண்டவராய முதலியார் 1826-இல் வெளியிட்ட பஞ்சதந்திரக் கதையும் மாணவர் பயிற்சிக்கு உதவிய உரைநடை. தமிழ் உரைநடை இன்று நடக்கும் நடையில் ஒரு பகுதி, அயலாருக்குத் தமிழ் கற்பிக்கப் போய்ப் பிறந்தது. 1854-இல் கல்லூரி மூடப்பட்டு, அந்த இடத்தைத் தேர்வாளர் குழு பிடித்தது. அதன் வழித்தோன்றல் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ் படிக்காமல் அரசுப் பணிக்கு வருபவருக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் வகுப்பு மொழித் தேர்வில் எழுத்துத் தாள் ஒன்று, நேரில் வாய்மொழியாகத் தேறுவது ஒன்று என இரண்டு பகுதிகள் இன்றும் உண்டு.

இங்கே ஒரு தடை எழும். தேர்வில் தேறிய கலெக்டர்கள் குடியானவன் பேச்சைப் புரிந்துகொண்டார்களா? பெரும்பாலும் இல்லை என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. வரி வசூலில் உள்ளூர்ச் சிப்பந்திகள் குடிகளைச் சித்திரவதை செய்ததை விசாரித்த சென்னை மாகாணக் குழு 1855-இல் அறிக்கை தந்தது. சித்திரவதை நடந்தது உண்மை என்றும், குடியானவனுக்கு மேலதிகாரியை எட்டி நியாயம் பெறுவது எளிதாக இல்லை என்றும் அது சொன்னது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மொழித் தேர்வுகள் நடந்த பிறகும் இதுதான் நிலை. திண்டிவனத்தில் ஆண்டு வரிக்கணக்குச் சரிபார்ப்பான ஜமாபந்திக்கு முகாம் போட்ட அதிகாரியை எண்ணிப் பாருங்கள். அவர் கற்றது ஏட்டுத் தமிழ், எதிரே நிற்பவர் பேசுவது வட்டாரத் தமிழ். நடுவில் அதே சிரஸ்தார். தேர்வு வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது சரியாகாது. அந்தத் தேர்வு எதைக் காக்கப் பிறந்ததோ அதை, அதாவது கஜானாவையும் காகிதத்தையும், ஓரளவு காத்தது. குடியானவனைக் காப்பது அதன் நோக்கத்தில் இல்லை. அவனுக்கு நேரும் நட்டத்தை அளவுகோல் வகுத்தவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே அவன் பேச்சு தேர்வில் உரிய இடம் பெறவில்லை.

இதற்கு நேர்மாறான சோதனை அதே ஊர்களின் சந்தைகளில் நடந்தது. 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் திண்டிவனத்தையும் தன் நிலையங்களில் ஒன்றாக்கிக்கொண்டது.  மிஷனரிகளுக்கும் மொழித் தேர்வு இருந்தது, ஜி.யு. போப் 1855-இல் வெளியிட்ட தமிழ்க் கையேட்டைப் போன்ற, பொதுவழக்குத் தமிழைப் பாடம் பாடமாகக் கற்பிக்கும் நூல்களும் இருந்தன. ஆனால், உண்மையான தேர்வாளர் சந்தையில் நின்று அவர்கள் பிரசங்கத்தைக் கேட்டவர். கலெக்டர் பேச்சு புரியாவிட்டாலும் குடியானவன் கைகட்டி நின்றாக வேண்டும். பாதிரியார் பேச்சு புரியாவிட்டால் அவன் போய்க்கொண்டே இருக்கலாம். கேட்பவன் விலகிப் போக உரிமை பெற்ற இடத்தில், பேசுபவன் அவன் மொழிக்கு இறங்கி வந்தே தீர வேண்டும். மிஷனரிகளின் மத நோக்கத்தை ஏற்காதவர்களும், பேச்சுத் தமிழைப் பாடமாக மதித்துக் கற்றதில் அவர்கள் முன்னோடிகள் என்பதை மறுக்க முடியாது.

இனித் தமிழர் பக்கம். அயலார் தமிழ் கற்றதை அளந்த அதே நூற்றாண்டில் தமிழரின் ஆங்கிலமும் அளக்கப்பட்டது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபின் மெட்ரிகுலேஷன் என்ற ஒற்றைச் சொல்லே மொழித் தகுதியாகிவிட்டது. தேறாதவர்கூட பி.ஏ. ஃபெயில் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். எந்த வாசல் வரை போனார் என்பதே மதிப்பு. குமாஸ்தா வேலைக்கு எழுத்து போதும் என்பதால் எழுத்தே சோதிக்கப்பட்டது. பத்துப் பக்கம் பிழையின்றி எழுதத் தெரிந்தவர் பத்து நிமிடம் பேசத் தயங்கும் வழக்கம் அப்போது வேரூன்றியது. இன்றும் நம் கல்லூரி மாணவர்களிடம் அது போகவில்லை. பேச்சு வராததால் வேலை இழந்து நட்டப்படுகிறவர் மாணவர். தேர்வு வகுத்தவர்களுக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை.

1918-இல் காந்தி தொடங்கிவைத்த தக்ஷிண பாரத ஹிந்தி பிரச்சார சபா இன்னொரு ஏணியைக் கொண்டுவந்தது. பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேசிகா, விசாரத், பிரவீண் என்ற படிகள் அரசியல் எதிர்ப்புகளைத் தாண்டி இன்றும் தமிழ்நாட்டு வீடுகளில் அறிமுகமானவை. ஐரோப்பியச் சட்டகத்துக்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய ஓர் இயக்கம் இத்தனை படிகளை வகுத்தது சிறிய செயல் அல்ல. இந்த ஏணியில் ஏறி ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்தை மூலத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். இதையே தொழிலாக்கி வீட்டிலிருந்தபடி கற்பித்துத் தம் காலில் நின்ற பெண்கள் ஏராளம். படிப்பும் எழுத்தும் மொழித்திறன் இல்லையா என்று கேட்டால், நிச்சயமாக மொழித்திறனே. பிரவீண் முடித்தவர் ரயில் நிலையத்தில் ஹிந்தியில் வழி கேட்கத் தடுமாறினால் அவர் படிப்பு பொய் என்று ஆகாது. அவர் வாசிப்பில் மேல் படியிலும் பேச்சில் கீழ்ப் படியிலும் இருக்கிறார், அவ்வளவுதான். சிக்கல், இரண்டையும் ஒரே பட்டத்துக்குள் அடைத்துவிடும் சான்றிதழில் இருக்கிறது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் முயற்சி 1950-களில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் நடந்தது. தன் தூதர்களில் பலருக்குப் பணிபுரியும் நாட்டின் மொழி வராது என்று கண்ட அத்துறை, 0 முதல் 5 வரை படிகள் வைத்து, பேச்சுக்குத் தனி எண், வாசிப்புக்குத் தனி எண் என்று கொடுத்தது. ஒவ்வொரு படிக்கும் விளக்கம், எத்தனை பாடம் படித்தார் என்பதை விட்டு, என்ன காரியம் செய்ய முடியும் என்று சொன்னது: வழி கேட்க முடியுமா, அலுவல் பேச்சில் கலந்துகொள்ள முடியுமா, எதிர்வாதம் வந்தால் தாங்க முடியுமா? 2001-இன் ஐரோப்பியச் சட்டகமும் இதே வழியில்தான் ஆறு படிகளையும் விளக்குகிறது. அமெரிக்கத் துறை தன் ஊழியர் தமிழ் கற்க 44 வார முழுநேரப் பயிற்சி வேண்டும் என்று கணக்கிட்டிருப்பதை, எட்டு வாரத்தில் அயல்மொழி என்று விளம்பரம் பார்த்து மயங்குகிறவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

இது ஐரோப்பாவுக்குத் தைத்த சட்டை, பேச்சும் எழுத்தும் விலகி நிற்கும் தமிழுக்குப் பொருந்துமா என்று தமிழறிஞர் சிலர் ஐயுறுவதில் நியாயம் உண்டு. செய்தித்தாளைச் சரளமாகப் படிக்கும் அயலாருக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்துப் பேச்சு புரியாமல் போகலாம். அங்கே விலை பேசி வாங்கத் தெரிந்தவருக்கு ஒரு தலையங்கம் விளங்காமல் போகலாம். எந்த ஒற்றைப் படியும் இவ்விருவரையும் சரியாகச் சொல்லாது. ஆனால், இது பேச்சையும் எழுத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதற்கான வாதம். அளக்கவே கூடாது என்பதற்கானது ஆகாது. வீரமாமுனிவர் இரண்டு இலக்கணம் எழுதியது இந்தத் தேவையை உணர்ந்துதான்.

ஆகவே, இந்த மண்ணின் வரலாறு தரும் தீர்ப்பு இது. ஒருவருக்கு மொழி எந்த அளவுக்குத் தெரியும் என்ற கேள்விக்கு, எந்தக் காரியத்துக்கு, யார் முன்னால் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு. நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பவருக்கான தகுதியை வகுக்கும்போது, அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பவரும் படுக்கையில் கிடப்பவரும் என்ன இழப்பார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் பள்ளி, கல்லூரித் தேர்வுகள் பேச்சுக்குத் தனி மதிப்பெண் தர வேண்டும். வேலைக்கு மனுப் போடும் இளைஞர்கள் தெரிந்த மொழிகள் என்று வெறும் பட்டியல் கொடுப்பதை விட்டு, இதைப் படிப்பேன், இதை எழுதுவேன், இந்த அளவு பேசுவேன் என்று பிரித்து எழுதுங்கள். குறைவாக எழுதுகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். தன் மொழியின் எல்லையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவரை நம்பித்தான் அடுத்தவர் தம் காரியத்தை ஒப்படைக்க முடியும்.